தேத்தண்ணிக்குச் சொன்ன ஓம்

அந்த ஹெட்செட் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இடது காதுப் பஞ்சு கழன்றுவிட்டது. சரியாகச் சொன்னால் இடது காது அக்காவுடையது, வலது காது என்னுடையது. ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் வெள்ளையர்களின் வெண்மையைப் பற்றிப் படித்தோம். வெண்மை பற்றிய என் அறிவு அதுவரை சலவைத்தூள் விளம்பரத்தோடு முடிந்திருந்தது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. மன்னார்க்காரி. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எனக்கு மேல்மாடி; டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் என்னோடு வேலை. இரண்டாயிரங்களின் கடைசிப் பகுதியில் அங்கே சூப்பர்வைசர் வேலை காலியானது. பழைய சூப்பர்வைசர் லீவில் போகும்போதெல்லாம் அந்த வேலையைப் பார்த்தவர் அக்காதான், அதனால் விண்ணப்பித்தார். அவருடைய பிரெஞ்ச் உச்சரிப்பு மற்றவர்களுக்கு விளங்காது என்றார் மனேஜர். சாப்பாடு ஏற்றப் பிந்தினால் அதே உச்சரிப்பில் அக்கா போடும் சத்தம் லொறிக்காரர் எல்லோருக்கும் மிக நன்றாகவே விளங்கியது. கடைசியில், அக்காவிடம் வேலை பழகிய ஒரு வெள்ளைக்காரனை அந்தக் கதிரையில் இருத்தினார்கள்.

அக்கா முறைப்பாடு கொடுத்தார். வந்தது மறுமொழி அல்ல, பயிற்சி. இனத்தையும் வெண்மையையும் ஆராய இணையத்தில், குரல் மட்டும் கேட்கும் ஒரு குழு. நடத்துவதற்கு வெளியிலிருந்து ஓர் அம்மணி. நிறத்தகுதி இருந்ததால் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மனதில் உள்ளதை அங்கே கதைக்கலாம் என்றதை அக்கா அப்படியே நம்பினார். "எல்லாற்ற முன்னாலயும் கேட்டா மறுமொழி சொல்லத்தானே வேணும்" என்றார். அவர் வீட்டில் இன்டர்நெட் இல்லை. ஆகவே என் வீடு, என் ஹெட்செட்.

முதல் நாள் வெள்ளைக்காரர்களின் முறை நீண்டுகொண்டே போனது. ஒரு பெண் வெள்ளையாகப் பிறந்ததற்காக அழுதார். புது சூப்பர்வைசருக்கும் குரல் தழுதழுத்தது. தழுதழுத்ததே தவிர, வேலையைத் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

"அக்கா, தேத்தண்ணி ஊத்தட்டே?"

"ஓம்..." என்றார் அக்கா, களைப்பில் நீட்டி. "ஓ...ம்."

மைக் திறந்திருந்தது. பிறகு அம்மணி உருகிய குரலில், தன் புராதன மரபை எங்களோடு பகிர்ந்ததற்காக அக்காவுக்கு நன்றி சொல்லி, எல்லோரையும் மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். என் வலது காதுக்குள் மொன்றியலின் மூக்கால் ஓர் ஓங்காரம் எழுந்தது. மனேஜரின் குரலும் அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத அக்கா பதறிப்போனார். "சேசுவே! இவையள் என்னடா செய்யினம்?"

"இண்டையிலயிருந்து நீங்கள் சாமியார், அக்கா."

தலையில் நங்கென்று குட்டினார். நான் மைக்கைப் பிடித்து, எங்கள் ஊரில் 'ஓம்' என்றால் 'ஆம்', இது தேத்தண்ணிக்குச் சொன்னது என்று விளக்கினேன். நகைச்சுவை என் வலிக்குக் கவசம் என்றார் அம்மணி. வலி இருந்தது உண்மைதான். குட்டு அப்படி.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் ஓங்காரத்தோடுதான் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் அக்கா தெளிவான பிரெஞ்சில் ஒரே கேள்வியைக் கேட்டார்: அந்த வேலையை ஏன் எனக்குத் தரவில்லை? அம்மணி, நாம் முடிவுகளுக்காக வரவில்லை, உணர்வுகளோடு சற்று இருப்போம் என்பார். மனேஜர் அக்காவின் துணிச்சலுக்கு நன்றி சொல்வார். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓமுக்கு அர்த்தம் தெரியாததில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய மொழியிலேயே கேட்ட கேள்வி அவர்களுக்கு விளங்கவில்லையாம். எங்கள் மொழியில் சொன்ன தேத்தண்ணி மட்டும் நெஞ்சுவரை போய்விட்டதாம். நன்றி சொல்லிச் சொல்லியே ஒரு மனுசியின் வாயை அடைக்கலாம் என்று அங்கேதான் கண்டேன்.

கடைசி நாள், உங்கள் குரல் கேட்கப்பட்டதாக உணர்கிறீர்களா, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று அம்மணி கேட்டார். அக்கா மைக்கை வாயருகே இழுத்தார். வேண்டுமென்றே தமிழில், ஆறுதலாக நிறுத்தி, "இல்லை" என்றார்.

எல்லோரும் மூச்சை உள்ளே இழுப்பது காதில் கேட்டது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டது.

"இல்ல்ல்லேய்ய்ய்..."

எல்லோரும் சேர்ந்து, கண்ணை மூடித்தான் இருக்க வேண்டும், அவ்வளவு பக்தி. மனேஜரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. அக்காவின் கேள்விக்கு அவர்கள் உண்மையாகச் சொன்ன ஒரே மறுமொழி அதுதான். அக்கா ஹெட்செட்டைப் பிடுங்கி மேசையில் அடித்தார், பஞ்சு பறந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டு கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கப் போய்விட்டார்.

போன கிழமை, நான் இன்னும் வேலை செய்யும் அதே சமையற்கூடத்தில் மறுபடியும் அறிவித்தல்: இனம் பற்றிய இணையக் குழு, ஹெட்செட் அவசியம். லாச்சியைத் திறந்து பழையதை எடுத்துப் பார்த்தேன். அதன் முனை இப்போதைய கணினியில் எந்த ஓட்டைக்கும் பொருந்தவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, வெண்மை திரும்பத் தொடங்குது."

"அந்தக் கதிரையில இப்ப ஆர்?"

"அவன்தான்."

"அப்ப தேத்தண்ணியை முதலே குடிச்சிட்டுப் போ" என்றார். "அங்க போய் ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லிப்போடாதை."