பாலறைச் சுவர்

பஸ்மிலா இங்கிலாந்தைக் கண்டதில்லை. ஆனால் அங்குள்ள ஒரு பண்ணை வீட்டின் ஒவ்வொரு மரச்சட்டமும் அவளுக்குத் தெரியும். கல்முனையில் நிஸாம் நடத்தும் வரைபட அலுவலகத்தில், மூன்று வாரமாக அந்த வீட்டைத்தான் கணினியில் வரைந்துகொண்டிருந்தாள். நானூறு வருடப் பழைய வீடு. அளவுகளையும் படங்களையும் அங்கிருந்து ஒரு கட்டடக் கலைஞர் அனுப்பியிருந்தார். கனத்த மரச்சட்டங்கள், இடையில் களிமண் பூசிய சுவர்கள், ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய அடுப்பு. எதுவும் நேராக இல்லை. கோணலையும் வரைபடத்தில் அப்படியே கீற வேண்டும்.

சமையலறைக்கும் முன்பு பால் வைத்த அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடும்படி வீட்டுக்காரர் கேட்டிருந்தார். வரைபடத்தில் அதை அழிக்கும்போதுதான் பஸ்மிலா கண்டாள். மேல்மாடியைத் தாங்கும் உத்தரம் ஒரே மரமல்ல, இரண்டு துண்டு. அவை சேரும் பொருத்து அந்தச் சுவருக்கு நேர் மேலே இருந்தது.

அவள் அழிப்பதை நிறுத்தினாள். ஐந்து வருடத்துக்கு முன் அவளுடைய கணவன் றமீஸ் கடையைப் பெரிதாக்க ஒரு சுவரை உடைத்தான். மறுநாள் மேல் கொங்கிறீட் தட்டு அவன் காலில் இறங்கியது. இன்றும் ஊன்றுகோலில்தான் நடக்கிறான்.

"நிஸாம் நானா, இந்தச் சுவர எடுத்தா மேல்மாடி நிக்காது."

"அத அவங்க பாத்துக்குவாங்க தங்கச்சி. நம்மட வேல கீறுறது மட்டும்தான்."

அவள் வரைபடத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு எழுதினாள். நிஸாம் அதை அழித்துவிட்டு அனுப்பினார். அன்று பின்னேரம் அவளே கட்டடக் கலைஞருக்கு நேரே ஒரு மின்னஞ்சல் எழுதினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது, நிஸாமுக்கும் சேர்த்து. வேலையை நிறுத்திவிட்டதாகவும் பொறியியலாளர் ஒருவர் போய்ப் பார்ப்பார் என்றும் எழுதி, நன்றி சொல்லியிருந்தார் கட்டடக் கலைஞர்.

"என்னத் தாண்டி எழுதினா, இனி நான் எப்பிடி ஒங்கள நம்புற?" என்றார் நிஸாம். குரலை உயர்த்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

வீட்டில் றமீஸ் எல்லாவற்றையும் கேட்டான்.

"அந்த ஊட்டுல ஆக்கள் இரிக்காங்களா?"

"ஓம். படத்துல ரெண்டு சின்னக் கட்டில் கிடந்திச்சி."

றமீஸ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். காலை நீட்டித் தடவிக்கொண்டிருந்தான்.

இப்போது பஸ்மிலா அக்கரைப்பற்றில் ஓர் இரும்புக் கடையில் பில் எழுதுகிறாள். போகவர பஸ்ஸிலேயே பாதி உயிர் போகிறது. வரைபட வேலைக்கு நாலு இடத்தில் கேட்டாள். எல்லாரும் நிஸாமைத் தெரிந்தவர்கள்.