கும்ரான் தனியாகப் போட்ட கிம்ச்சி

நவம்பர் கடைசி வந்தால் கும்ரானுக்கு முதுகு வலிக்கும். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். காரணம் டாக்டருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கோசான் பக்கத்துக் கிராமத்தில், மாமியார் வீட்டு முற்றத்தில், நூற்றைம்பது கோஸை உப்பில் புரட்டி, அலசி, இலை இலையாக மசாலா தடவிக் குளிர்காலம் முழுவதற்கும் கிம்ச்சி போட்டாக வேண்டும். மருமகள்கள் மூன்று பேர். மூத்தவளுக்கு மூட்டுவலி, இளையவளுக்கு ஆபீஸ். நடுவில் இருந்த கும்ரானுக்கு இரண்டும் இல்லாததால் வேலை மட்டும் இருந்தது.

இந்த வருஷம் துணிந்து மாமியாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அத்தை, எங்க பங்கை இந்தத் தடவை நானே வீட்டுல போட்டுக்கிறேன்."

"போட்டுக்கோ. சனிக்கிழமை வந்து தின்னு பாக்கறேன். வாய்க்கு வெளங்கலேன்னா அடுத்த வருஷம் பேசாம இங்க வந்து சேரு."

"வெளங்கிச்சுன்னா?"

"வெளங்கிச்சுன்னா நீ வரவே வேண்டாம்."

கும்ரான் போனை வைத்ததும் காலண்டரில் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று அவள் நினைத்தது திங்கட்கிழமை காலையில். சாயங்காலமே கெட்டது.

புருஷன் பியோங்தே ஒரு டியூஷன் சென்டருக்கு வேன் ஓட்டுகிறவன். கிம்ச்சிக்கு வேண்டிய, உப்பில் ஊறிய இறாலை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவனும் வாங்கினான். கீழே வைத்தால் உருளும் என்று யோசித்து வாளியை சீட்டில் வைத்தான். சிக்னலில் பிரேக் போட்டபோது அது கீழேயும் விழுந்தது, உருளவும் செய்தது.

"சோல்ஹீ அம்மா, வேன்ல லேசா வாடை வருது" என்றான், மகள் பேரைச் சொல்லிக் கும்ரானைக் கூப்பிட்டு.

"லேசான்னா?"

"ஒரு பிள்ளை வாந்தி எடுத்துடுச்சு."

"எறா எவ்வளவு மிச்சம் இருக்கு?"

கேள்விகளை வேறு வரிசையில் கேட்டிருக்கலாம் என்று பியோங்தேவுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேனைக் கழுவினாள். வினிகர் போட்டாள், ஆரஞ்சுத் தோல் போட்டாள், மிச்சம் இருந்த சோஜுவைக்கூட ஊற்றிப் பார்த்தாள். சாயங்காலம் வேனில், வினிகரும் ஆரஞ்சும் சாராயமும் சேர்ந்த இறால் வாடை அடித்தது.

புதன்கிழமை, உப்பில் ஊறவைத்த கோஸ் மூன்று பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்கு இருபது கிலோ. கும்ரான் வீடு பதினோராவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.

நோ என்ற காவலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "மூணு நாளா ஸ்பீக்கர்ல கத்துனேனேம்மா. இன்னிக்கு லிஃப்ட் சோதனைன்னு."

வீட்டுச் சுவரில் இருந்த ஸ்பீக்கரைக் கும்ரான் போன மாதமே துணி வைத்து அடைத்துவிட்டிருந்தாள். "நீங்க தினமும் கத்துறீங்க அண்ணே. எது முக்கியம்னு எப்படித் தெரியும்?"

ஊறிய கோஸ் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. வாளி வாளியாக எடுத்துக்கொண்டு படியேறினாள். மேல்வீட்டு கியோங்ஜா பரிதாபப்பட்டு உதவிக்கு வந்தாள். பரிதாபம் ஏழாவது மாடியில் தீர்ந்துபோனது.

"ஏன் அக்கா, உங்க மாமியார் வீட்டு முத்தம் தரையிலதானே இருந்துச்சு?"

"பேசாம ஏறு."

"இல்ல, சும்மா கேட்டேன். மேலயா கீழயான்னு."

வியாழக்கிழமை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மசாலா தடவினார்கள். பாதியில் கும்ரானின் ரப்பர் கையுறை கிழிந்தது. மாற்ற நேரமில்லை என்று தொடர்ந்தாள். முடித்த பிறகு கண் அரித்தது. மிளகாய்க் கையால் தேய்த்தாள். அப்புறம் அவளுக்குக் கண்ணே தெரியவில்லை. குழாயடியில் கண்ணைக் காட்டிக்கொண்டே புருஷனிடம் கத்தினாள்.

"டப்பாவை எல்லாம் கிம்ச்சி ஃப்ரிட்ஜ்ல அடுக்கிப் பொத்தானை அமுக்குங்க."

அவன் அடுக்கினான். அமுக்கினான்.

வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரி வரிசையில் போனது. சனிக்கிழமை மதியம் மாமியார் வந்து இறங்கினாள். கும்ரான் பன்றிக்கறியை வேகவைத்துத் துண்டு போட்டிருந்தாள். புதுக் கிம்ச்சியில் அதைச் சுற்றித்தானே ருசி பார்ப்பது. ஒரு கண்ணில் கட்டோடு போய் ஃப்ரிட்ஜைத் திறந்து டப்பாவின் மூடியை நெம்பினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. ஓரமெல்லாம் நுரை. புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது.

"எந்தப் பொத்தானை அமுக்குனீங்க?"

"இருக்கறதுல பெருசா இருந்ததை."

"அது புளிக்க வைக்கிறதுய்யா. ரெண்டு நாளா புளிக்க வச்சிருக்கீங்க."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றாள் மாமியார். "கொண்டா."

வேறு வழியில்லை. கும்ரான் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த இருபத்தாறு நவம்பரும் அந்தத் தட்டில் கிடந்தது. மாமியார் ஒரு துண்டை எடுத்து மென்றாள். நிதானமாக மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"எப்பப் போட்டது?"

"வியாழக்கிழமை, அத்தை."

"எனக்குப் பல்செட் வச்சு ஒம்பது வருஷம் ஆகுது. வருஷா வருஷம் எல்லாருமா சேர்ந்து நறுக்கு நறுக்குன்னு பச்சைக் கிம்ச்சிய என் வாயில திணிக்கிறீங்க. மெல்ல முடியாம முழுங்கிட்டு நல்லா இருக்குங்கறேன். மெல்லுற மாதிரி குடுத்தவ நீ ஒருத்திதான்."

பியோங்தே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். கும்ரான் அதில் ஒரு துண்டு கறியை வைத்து அடைத்தாள்.

"சரி, சொன்ன சொல் சொன்னதுதான்," என்றாள் மாமியார். "இனிமே நீ வர வேண்டாம்."

அதோடு கும்ரான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவைப்போமே என்று கேட்டாள். "அப்ப அந்த நூத்தம்பது கோஸ், அத்தை?"

"எதுக்குப் போடணும்? டிவில விக்கிறான், போன் பண்ணா பெட்டி பெட்டியா வந்துடுது. மூத்தவகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க மூணு பேரும் ஆசை ஆசையா வர்றீங்களேன்னுதான் இத்தனை வருஷமும் உசுரைக் குடுத்துப் போட்டேன்."

ஆசை ஆசையாக வந்தது யார் என்று கும்ரான் சண்டைக்கு நின்றிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"டிவி கிம்ச்சியா? அதுல எறா எங்க பிடிச்சதுன்னு தெரியுமா? மொளகாத்தூள் எவன் அரைச்சதுன்னு தெரியுமா? நம்ம வீட்டுல போய் அதையா திங்கிறது?"

"வேற என்ன செய்ய? எனக்கும் வயசாச்சு. உனக்கும் முடியலைங்கற."

"யாருக்கு முடியல? எல்லாருக்கும் சேர்த்து இங்கயே போட்டுட்டாப் போச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பியோங்தே கறியை மெல்வதை நிறுத்தினான். மாமியார் ஆச்சரியப்படவே இல்லை. மூன்றாவது துண்டை எடுத்துச் சோற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நூத்தம்பது பத்தாது," என்றாள். "சின்னவ அவ அம்மா வீட்டுக்கும் கொஞ்சம் கேட்டா. நூத்தி எழுபதா வச்சுக்கோ."

"சரிங்க அத்தை," என்றாள் கும்ரான்.