செவ்வந்தி அக்கா ஸ்பாவுக்கு எண்ணெய் கொண்டுவந்தது

செவ்வந்தி அக்காவுக்கு நான் எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். தொண்ணூற்று மூன்றில் மஸ்கட் வேலைக்காகப் பம்பாய் போக ரயில் டிக்கெட்டுக்கு வழியில்லாமல் நின்றபோது, நடவுக்கூலியில் கட்டிய சீட்டுப் பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தவர் அவர்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்த ஜேசுராஜை நம்பி வேறு யாரும் ஒரு டீக்குக்கூடக் காசு தரவில்லை.

மஸ்கட்டில் பெரிய ஹோட்டல் ஒன்றில், மசாஜ் பகுதியில் துண்டு துவைத்தேன். துண்டு துவைத்தவனே பிறகு அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளன் ஆனான். சும்மா ஆகவில்லை, மூளையால் ஆனான். ஊர் திரும்பி, தாராசுரம் சாலையில் மூடிக்கிடந்த அரிசி ஆலையை வாங்கி ‘ஏதேன் ஸ்பா’ என்று திறந்தேன். வரவேற்பறையில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே பலகை வைத்தேன்: ‘யாருக்கும் ஒரு பைசா கடன்படாதவன் நடத்தும் நிலையம்.’

அந்தப் பலகைதான் வினை. செவ்வந்தி அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “தம்பி, ‘செவ்வந்தியைத் தவிர’ன்னு ஓரமா சின்னதா எழுதிப் போட்டுடு.”

பணத்தை நீட்டினால் வாங்கமாட்டார். “இருக்கட்டும். உன்கிட்டதானே இருக்கு, எங்க ஓடிடப் போவுது?”

நடவுக் கும்பலுக்குத் தலைவியாக இருந்தவர் அவர். கூலி கைக்கு வரும்வரை ஒரு பெண்ணையும் வரப்பேற விடமாட்டார். மிராசுதாரே நேரில் வந்து எண்ணிக்கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூலியில் மூன்று பிள்ளைகளை வளர்த்து, மூன்று மா நிலமும் வாங்கினார். மூத்தவன் இளவழகன் இப்போது சிங்கப்பூரில் இஞ்சினியர்.

என் ஸ்பா ஊர்க்காரர்களுக்கு இன்னும் மில்லுதான். நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டி அரவைக்கூலி கட்டிப் பழகியவர்கள். திறந்த வாரமே தங்கையன் என்ற பெரியவர் ஒரு பாட்டில் நல்லெண்ணெயோடு வந்தார். “எண்ணெய் நம்மளுது. கூலி மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க.” படித்த முதலாளியாக இருந்தால் விரட்டியிருப்பான். நான் மறுநாளே விலைப்பலகையில் ஒரு வரி சேர்த்தேன்: ‘எண்ணெய் கொண்டுவந்தால் கழிவு உண்டு.’ தங்கையன் உடம்பெல்லாம் பளபளக்க வெளியே வந்து, முதல் வேலையாகப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி மிச்சம் பார்த்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதி, நீராவி அறையில் ஏதோ அபூர்வ மூலிகை மணக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். நெல் அவித்த பழைய கொதிகலனின் புழுங்கல் வாடை அது. நான் விலையை ஏற்றினேன்.

அப்படி இருக்கையில் ஒருநாள் செவ்வந்தி அக்கா, ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் இசைவாணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரசவத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பெண். இடுப்புவலியில் இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறதாம். அக்காவின் கையில் எண்ணெய்த் தூக்கு.

மசாஜ் செய்யும் அனிட்டா டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு இசைவாணியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகினாள். கதவு திறந்தே இருந்தது, அக்கா மூடவிடவில்லை.

“என்னடி, ஒரு பக்கமாவே கெடத்தி வச்சிருக்க? குப்புறப் போடலியா?”

“ஏழு மாசம்மா. குப்புறப் போடக்கூடாது. வயித்தத் தொடவே மாட்டோம்.”

“தொடாத எடத்துக்குக் காசும் இல்லல்ல?”

“ஐயோ அத்தை, மானம் போவுது. செத்த சும்மா இருங்க,” என்றது உள்ளிருந்து இசைவாணியின் குரல். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குறட்டைதான் வந்தது. அமெரிக்காக்காரர்கள் கண் மூடியதோடு சரி. இந்தப் பெண் குறட்டையே விட்டது. என் நிலையத்துக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

“மூணு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் அத்தை தூங்கியிருக்கேன்,” என்று சொல்லிக்கொண்டே வந்த இசைவாணி பையிலிருந்து கார்டை எடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அத உள்ள வையி. தம்பி, என் காசக் குடு.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து என் பலகை உண்மையாகப் போகிறது! “இந்தாங்க அக்கா, எண்ணூறு…”

“எண்ணூறா? மஸ்கட்லேர்ந்து லெட்டர்ல ரெண்டு மடங்குன்ன. ஊருக்கு வந்து அஞ்சுன்ன. இந்தத் தொறப்பு விழாவுல ஃபாதர் பக்கத்துல நின்னுகிட்டு, மைக்கப் புடிச்சுப் பத்து மடங்குன்ன. ஏறிக்கிட்டே போற காச எவளாவது பாதியில வாங்குவாளா?”

சொன்னது சொன்னதுதான். ஜேசுராஜ் பேச்சு மாறுகிறவன் இல்லை.

“அப்ப இன்னும் ஏற விடாம இன்னிக்கு ஏன் கேக்குறீங்க?”

“மூணு புள்ள சுமந்தப்பவும் நாத்த நட்டுக்கிட்டுதான் இருந்தேன். வரப்புல முதுகச் சாச்சாத்தான் உண்டு, புடிச்சுவிட ஆளேது? அது என் இடுப்பொடிஞ்ச காசு. இவ இடுப்புக்கே போவட்டும். மவன் காசு இதுக்கு வேணாம்.”

இசைவாணி கார்டைப் பைக்குள் போட்டாள்.

என் மூளை சும்மா இருக்குமா? எண்ணூறுக்குப் பத்து மடங்கு எட்டாயிரம். ஒரு தடவைக்கு ஆயிரத்து அறுநூறு என்றால் ஐந்து தடவைக்கும் அதே எட்டாயிரம். “அக்கா, இன்னியோட சேத்து அஞ்சு தடவ வரட்டும். கணக்கு நேராப் போச்சு.”

“நடவுக்கூலிய என்னிக்காவது கழிச்சுக்க விட்டிருக்கேனா? கையில எண்ணு.”

கையை நீட்டினார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தேன், வரவேற்பறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. பதினாறாவது நோட்டை வைத்துவிட்டு, பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

கை மூடவில்லை.

“கடன் தீந்துடுச்சு தம்பி. இப்ப உன் கூலிக்கு வருவோம். எண்ணெய் எங்களுது. கழிவு உண்டுன்னு நீதான் எழுதியிருக்க. வயித்தத் தொடலன்னு அனிட்டாவே சொன்னா. அஞ்சு தடவைக்கும் உண்டான கழிவ முதல்ல இந்தக் கையில வையி, பொறவு முழுக் கூலியையும் மொத்தமா நான் தர்றேன்.”

அனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பதினேழாவது நோட்டை வைத்தேன். கை அப்படியே விரிந்திருந்தது.

பதினெட்டு.