உறை இல்லாத கடிதம்

அந்தக் கடிதத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை, விலாசம் இல்லை. நான்காம் தேதி என்று மட்டும் போட்டிருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து பக்குவமாகக் கிழித்த தாளில், நீல மையில், முத்து முத்தாக எழுதியிருந்தாள் யாரோ ஒரு பெண்.

"அன்புள்ள கதையக்காவுக்கு. என் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. முதலில் பட்டாணி அளவு இருந்தது. இப்போது எலுமிச்சை அளவு. அம்மா ஏற்கெனவே நிறைய அழுகிறார்கள், அதனால் சொல்லவில்லை. உங்கள் நாற்பது நாள் கதையில் வரும் அக்கா மாதிரி நானும் ஆண்டவரிடம் மட்டும் சொல்லி ஜெபிக்கிறேன். இன்று பதினோராம் நாள். கழுத்து மூடின சட்டை போடுவதால் யாருக்கும் தெரியாது. நீங்களும் எனக்காக ஜெபியுங்கள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்."

கதையக்கா அதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தபோது தேதி பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணினாள். அந்தப் பெண்ணுக்கு இன்று பத்தொன்பதாம் நாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து நாறியது. அவளுக்கு உறைக்கவே இல்லை. கணவர் வந்துதான் அடுப்பை அணைத்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. வாசகர் கடிதம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மகள் போன இந்த ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் யாரும் யாரையும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

கதையக்கா பகலில் ஒரு பெண்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை எழுத்தாளர். சம்பளம் எழுத்தருக்கு, மரியாதை எழுத்தாளருக்கு என்று கணவர் ஒரு காலத்தில் கேலி செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். சிரிக்கத் தெரிந்த மனிதராகத்தான் இருந்தார். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு கிறிஸ்தவ மாத இதழில் பதினான்கு வருடமாக அவள் தொடர்கதை எழுதி, ஒன்பது நாவல்கள் புத்தகமாகிவிட்டன. அவள் கதைகளில் வரும் பெண்கள் பொய் சொல்வார்கள், கணக்கில் கோட்டை விடுவார்கள், பாடகர் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்த்து அசடு வழிவார்கள், கடைசியில் முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள். அதனால்தான் பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்தது. புத்தி சொல்கிற புத்தகங்கள்தான் அலமாரி நிறைய இருக்கின்றனவே.

அந்த ஒன்பதில் நாற்பது நாள் கதைக்குத்தான் கிராக்கி. அதிலும் ஏழாம் அத்தியாயம். தலைவலியால் துடிக்கும் ஒரு பெண், அப்பாவுக்கு வேலை போன நேரத்தில் வீட்டில் பாரம் ஏற்ற வேண்டாம் என்று, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாற்பது நாள் தனியாக ஜெபிக்கிறாள். முப்பதாம் நாள் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வருகிறது. அது சோதனை என்று விழுங்கிவிடுகிறாள். நாற்பதாம் நாள் வலி போய்விடுகிறது. ஒரே வாரத்தில், காபி ஆறக்கூட விடாமல், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அதை எழுதினாள் கதையக்கா. படித்துத் தேம்பாத பெண்பிள்ளை கிடையாது என்று கடிதங்கள் குவிந்தன. தேம்பியவர்களில் ஒருத்தி அவள் வீட்டிலேயே வளர்ந்தாள்.

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே மகள், பதினாறு வயது. ஒருநாள் பள்ளியில் சுருண்டு விழுந்தவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றுக்குள் கட்டி. அப்பா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் சொன்னார், மூன்று மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று. கதையக்கா மகளின் கட்டிலருகே வந்தாள்.

"இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஏன்டி சொல்லல?"

"நீதானம்மா எழுதின. அந்த அக்கா யார்கிட்டயும் சொல்ல மாட்டாளே. நாற்பது நாள் ஜெபிச்சேன். போகல. நான் சரியா விசுவாசிக்கலைன்னு நினைச்சு இன்னொரு நாற்பதும் ஜெபிச்சேன்."

அதில் குற்றச்சாட்டு ஒரு துளி இல்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளை வெட்கப்படுவதுபோல் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். நான்காவது வாரம் அவள் இல்லை.

அவள் சொன்னதைக் கதையக்கா யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி வரைக்கும் பிள்ளைக்கு வலி தெரியாம ஆண்டவர் பார்த்துக்கிட்டாரு." அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போனார். அதை எப்படிப் பிடுங்குவது? ஆகவே அவள் ஆண்டவரிடம் மட்டும் சொன்னாள், தினமும், பல்லைக் கடித்துக்கொண்டு. விசுவாசம் போய்விட்டிருந்தால் தொல்லை விட்டிருக்கும். போகவில்லை. ஆண்டவர் இருக்கிறார், கேட்கிறார், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். கோபித்துக்கொள்ள ஆள் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

இப்போது இந்தக் கடிதம். மறுநாள் காலை பள்ளி அலுவலக ஜன்னலில் வந்து நின்ற ஒவ்வொரு பெண்ணின் கழுத்தையும் பார்த்தாள். மேல் பட்டன் வரை போட்டிருந்த ஒருத்தியை உள்ளே கூப்பிட்டு, "பட்டனைக் கழட்டு, கழுத்தைக் காட்டு" என்றாள். பெண் மிரண்டு தலைமையாசிரியையிடம் ஓடிவிட்டாள். கழுத்தில் ஒன்றுமில்லை. தலைமையாசிரியை நல்ல மனுஷி, திட்டவில்லை. "ரெண்டு நாள் வீட்ல இரும்மா" என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

அவள் வீட்டுக்கா போவாள்? நேராக இதழ் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே தபால் பிரிப்பவரை எல்லோரும் ஸ்டாம்ப் சித்தி என்பார்கள். வந்த கடிதங்களின் உறையிலிருந்து தபால்தலையை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, சேகரிப்பவர்களுக்கு அனுப்பி ஊழியத்துக்கு உதவி திரட்டுவது அவருடைய இருபது வருடப் பழக்கம். உறை குப்பைக்குப் போய்விடும். கடிதங்களை மட்டும் அழகாக நூல் கட்டிக் கதையக்காவுக்கு அனுப்புவார்.

"சித்தி, நாலாம் தேதி போட்ட கடிதம். உறை எங்க?"

"உறையா? அதை எதுக்கும்மா வைக்கப் போறேன்?" சித்தி கடிதத்தைப் படித்தார். படித்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். நூற்றுக்கணக்கான தபால்தலைகள், எல்லாம் குளித்துத் துடைத்துச் சுத்தமாக. முத்திரையில் அரை எழுத்து, கால் எழுத்து. எந்தத் தபால்தலை எந்த உறையில் இருந்தது என்று அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். இருவரும் பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு மதியம் வரை துழாவினார்கள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்மா," என்றார் சித்தி.

"நானும் அப்படித்தான் எழுதினேன் சித்தி."

ஆசிரியர் ஐயா ஓய்வு பெற்ற போதகர். எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற ரகம். அடுத்த இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒன்றாம் தேதி பிள்ளைகள் கையில் இருக்கும், அன்று அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டாம் நாள் என்று கதையக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்.

"கண்டிப்பா அறிவிப்பு போடுவோம்மா. சுகமில்லாத பிள்ளைகள் பெற்றோர்கிட்ட சொல்லணும்னு கட்டம் கட்டிப் போட்டுடலாம்."

"அது போதாது ஐயா. அப்படி யாராவது சொன்னா அது சோதனைன்னு நானே எழுதி வச்சிருக்கேன். அவ அதையும் ஜெயிச்சுடுவா."

"அப்போ என்ன எழுதலாம்ங்கறீங்க? ஆண்டவர் குணமாக்க மாட்டார்னா?"

"குணமாக்குவார் ஐயா. ஆனா டாக்டர்கிட்ட போகாதே, அம்மாகிட்ட சொல்லாதேன்னு அவர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அந்த அத்தியாயத்தால எத்தனை பிள்ளைகள் விசுவாசத்துக்கு வந்திருக்காங்க. அதுல இவ்வளவு ஆபத்து இருக்குன்னு எப்படிம்மா நிச்சயமா சொல்றீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு பிள்ளை சொன்ன பதில். அதை இதழில் போட்டால் நம்பாத பெண்ணும் நம்புவாள். ஆனால் அந்த இதழை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவர் அவள் கணவர். அவள் எழுதியது எதையும் அவர் விட்டதில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில பக்கத்தைக் கொண்டுவந்து தர்றேன் ஐயா," என்று எழுந்துவிட்டாள்.

வியாழன் முழுதும் எழுதினாள். மூன்று பக்கம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து, குழாயடியில் நின்று விரலிடுக்கில் இருந்த கிரீஸைச் சோப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, நம்ம வாலுவுக்கு வலி இருந்துச்சு."

அவர் கை நின்றது.

"எண்பது நாள் இருந்துச்சு. என் கதையைப் படிச்சுட்டு அதே மாதிரி நம்மகிட்ட மறைச்சிருக்கா. ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னா. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல."

குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அவர் அதை மூடினார்.

"எண்பது நாளும் நான் அவ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்," என்றார். "சாப்பாடு மிச்சம் வச்சா, ஸ்டைல் பண்ணாதேன்னு திட்டியிருக்கேன்."

அவள் கடிதத்தையும் மூன்று பக்கங்களையும் நீட்டினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். முதலில் அந்தப் பெண்ணின் கடிதம், பிறகு பக்கங்கள். பக்கங்களை இரண்டு முறை படித்தார். அவர் அடிக்கக்கூடும், கத்தக்கூடும் என்று அவள் காத்திருந்தாள். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"கொடுத்துட்டு வா," என்றார். "அதுக்கப்புறம் கொஞ்ச நாள் என்கிட்ட பேசாத."

ஆசிரியர் ஐயா அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுச் சன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதல் பக்கத்திலேயே போடுங்கள் என்று அச்சகத்துக்குக் குறிப்பு எழுதினார். அவர் கை வைத்தது அவ்வளவுதான். மறுபதிப்பிலிருந்து ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடவும் சம்மதித்தார்.

ஒன்றாம் தேதி வந்தது. மூன்றாம் தேதி, அந்தப் பெண்ணின் நாற்பதாம் நாளும் வந்தது. கதையக்கா அன்று லீவு போட்டுவிட்டு மகளின் அறையில் தரையில் கிடந்தாள். ஜெபத்தில் அடுக்கடுக்காகப் பேசத் தெரிந்தவளுக்கு அன்று இரண்டே வார்த்தைதான் வாயில் வந்தது: "சொல்லவை, ஆண்டவரே." காலையிலிருந்து மாலை வரை அதையே சொன்னாள். கணவர் வந்தார், எட்டிப் பார்த்தார், தானே சாதம் போட்டுச் சாப்பிட்டார், ஒரு தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் தேதி ஸ்டாம்ப் சித்தி தானே வீடு தேடி வந்து கடிதங்களைக் கொடுத்தார். எல்லாம் உறையோடு இருந்தன. பதினான்கு கடிதங்கள். கதையக்கா நீல மையைத் தேடினாள், அந்த முத்து எழுத்தைத் தேடினாள். பதினான்கிலும் அது இல்லை. இருந்தவை எல்லாம் வேறு வேறு பிள்ளைகள். ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்திக்கு இரத்தம் போகிறது, ஒருத்திக்கு வீட்டிலேயே ஒருவரால் தொல்லை. ஒருத்தி இரண்டாவது நாற்பதில் இருந்தாள். ஒரே ஒரு பிள்ளையைத் தேடப் போனவள், தன் கதையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்த பதினான்கு பேரை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்தி அவளைப் பிடித்துக்கொண்டார்.

பதிமூன்று பேர் இதழைப் படித்துவிட்டு வீட்டில் சொல்லியிருந்தார்கள். பதினான்காவது கடிதத்தை, வேலையிலிருந்து வந்த கணவர் எடுத்துச் சத்தமாகவே படித்தார். அவர் குரலை அவள் கேட்டு நான்கு வாரம் ஆகியிருந்தது.

"அக்கா, உங்கள் மகளுக்காக அழுதேன். எனக்கும் அவளைப் போல வயிற்று வலிதான். இருபத்தாறாம் நாள். ஆனால் அவளைவிட எனக்கு விசுவாசம் அதிகம் என்று நினைக்கிறேன். நான் முடித்துக் காட்டுவேன். யாரிடமும் சொல்லாதீர்கள்."

உறையைத் திருப்பினார். பின்பக்கம் விலாசம் ஒழுங்காக எழுதியிருந்தது.

"எழுந்திரு," என்றார். "ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

இரண்டு மணி நேரப் பயணம். கூட்டத்தில் அவள் விழாமல் இருக்க ஒரு கையைக் கம்பியில் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், கையில் ஈரத்துணியோடு ஒரு அம்மா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண், புத்தகத்தின் பின்னட்டையில் பார்த்த முகத்தை அடையாளம் தெரிந்துகொண்டு, ஒரு நொடி மலர்ந்தாள். அடுத்த நொடி விஷயம் புரிந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கெஞ்சுகிற பார்வை.

"நீங்க யாரும்மா?" என்றார் தாய்.

"உங்க பொண்ணுக்கு ஒரு மாசமா வயிறு வலிக்குதும்மா. என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா. நான் உங்ககிட்ட சொல்றேன். நாளைக்குக் காலையிலேயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

தாய் துணியைக் கீழே போட்டுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் தாயைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் நேசித்த கதையக்காவைத்தான், கண்ணில் நீர் முட்ட, அத்தனை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். கதையக்கா முகத்தைத் திருப்பாமல் வாசலிலேயே நின்றாள்.