மலை சுற்றிய மாமியாரும் நாற்பது நம்பர் ஆயிலும்

திருவண்ணாமலையில் மோட்டார் சைக்கிளில் மலை சுற்றலாமா என்று சிலர் கேட்டு எழுதுகிறார்கள். நான் சுற்றியிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை வெயிலில், பின்சீட்டில் மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு, நடை வேகத்தில்.

கால் உடைந்து தேறியிருந்த மாமியாருக்கு ஒரு வேண்டுதல். குணமானால் மலையைச் சுற்றுவதாக. ஆனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஜட்கா வண்டி பிடிக்கலாம் என்றார் மாமனார். என் புல்லட் இருக்கும்போது குதிரை வண்டியா? ஊட்டியில் வேலையிலிருந்த நான் ஐந்து நாள் லீவு போட்டு, காலை 5 மணிக்குக் கிளம்பி, சேலம், செங்கம் வழியாகச் சுமார் 380 கிலோமீட்டர் ஓட்டி, மாலை 4 மணிக்கு மாமனார் வீட்டு வாசலில் நின்றேன். வழியில் வண்டி ஒரு முறைகூட முனகவில்லை.

மறுநாள் காலை 7 மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து புறப்பட்டோம். சுற்று 14 கிலோமீட்டர். மாமனார் செருப்பில்லாமல் முன்னால் நடக்க, நான் முதல் கியரில் பின்னால். வழியில் உள்ள எட்டு லிங்கங்களையும் மாமியார் சீட்டில் இருந்தபடியே கும்பிடுவார். சுற்றி முடியும்வரை நான் எஞ்சினை அணைக்கக் கூடாது.

"நடுவுல அணைஞ்சா வேண்டுதல் பாதியில நின்ன மாதிரிங்க மாப்ள" என்றார் மாமியார். யார் போட்ட சட்டமோ, அவருக்கு அது சட்டம்.

மலைக்குப் பின்புறம், அடி அண்ணாமலை ஊரில், எஞ்சினுக்குள் ஆணி குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பத்தடி போனதும் வண்டி நின்றுவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன் இல்லீங்களா?" என்றார் மாமனார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி முதலிலிருந்து சுற்ற வேண்டும். எனக்கோ லீவு மூன்றே நாள் பாக்கி, அதில் ஒன்று திரும்பிப் போக. அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். செங்கம் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய், என் வயதுக்காரர், ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "எந்த ஊர்ல போட்டதுங்க?"

"ஊட்டியில. இருபது நம்பர். அந்தக் குளிருக்கு கிக் லேசா இருக்கும்."

"அங்க சரி. இங்க சூடு ஜாஸ்தி. நடந்து போற மாதிரி ஓட்டினா எஞ்சினுக்குக் காத்தும் கம்மி. ஆயில் தண்ணியா ஓடிடுதுங்க."

அப்போதுதான் உறைத்தது. எண் குறைந்தால் ஆயில் மெல்லியது, கூடினால் கெட்டி. வரும் வழியில் அடித்த காற்றுதான் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ரோஷத்தில் ஐம்பது நம்பர் கேட்டேன். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அது மேலே ஏறவே நேரமாகும், நாற்பது போதும் என்றார். நல்லவேளை, எஞ்சினுக்குள் எதுவும் கெடவில்லை. இரண்டு லிட்டர் 42 ரூபாய்.

நான் லேசில் நம்புகிற ஆளா? மாமனார் வீட்டு மொட்டைமாடியில், உச்சி வெயிலில் காய்ந்த தட்டில் பழைய ஆயிலையும் புதியதையும் ஒவ்வொரு கரண்டி ஊற்றிச் சாய்த்தேன். பழையது ரசமாக ஓடியது. நாற்பது நம்பர் நிதானமாக இறங்கியது. "இனிமே அந்தத் தட்டுலதான் உங்களுக்குச் சோறு" என்றாள், முன்பே தாய்வீட்டுக்கு வந்திருந்த என் மனைவி.

அடுத்த நாள் காலை 6 மணிக்கு மறுபடி ராஜகோபுரம். மாமனார் 15 ரூபாய்க்கு ஒரு ஜட்கா பேசி, காலியாகப் பின்னால் வரச் சொல்லியிருந்தார். "எதுக்கும் இருக்கட்டுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிக்கரை உதைத்தேன்.

அடி அண்ணாமலை வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். எஞ்சின் அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசி லிங்கம் வரை அதே தாளம்தான். நடுவில் எப்போதோ முன்னால் மாமனாரைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், ஜட்காவில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "தார் ரோடு சுடுதுங்க!"

10.15க்கு ராஜகோபுரத்தின் முன் எஞ்சினை அணைத்தேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். மாமியார் பெட்ரோல் டேங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜட்கா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, மாப்ள வண்டி நிக்கல. நீங்கதான் நின்னுட்டீங்க."

போகிறவர்களுக்கு: குளிர்ந்த ஊரிலிருந்து வந்தால், வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் திருவண்ணாமலை வெயிலுக்கு எந்த எண் என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடியதை நம்பி ஏமாறாதீர்கள், மெதுவாகப் போகும்போதுதான் ஆயில் தாங்குமா என்று தெரியும். பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி வேண்டாம். மாமனார் நடந்தே வருகிறேன் என்றால், அவருக்குப் பின்னால் ஒரு ஆட்டோவை வரச் சொல்லுங்கள்.