பட்டுச்சேலை கட்டிப் பென்ஷன் கேட்கப் போனது

விக்கிரமசிங்கபுரத்தில் மில் சங்கு ஊதினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். என் வீட்டுக்காரர் மில் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அதன் பிறகும் காலைச் சங்கு கேட்டால் என் கை தானாகத் தூக்குவாளியைத் தேடும். இப்போதும் சில விடியற்காலைகளில் தேடுகிறது.

ஒரே மகன் பம்பாய்க்குப் போனவன். கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது. மில்லில் கொடுத்த பி.எஃப். பணம் வைத்தியக் கடனுக்குச் சரியாகப் போயிற்று. இட்லி மாவு ஆட்டி விற்றேன். தொண்ணூறுகளின் நடுவில் தோள்பட்டை ஆட்டுரலுக்கு ஒத்துழைக்காமல், பாதி மாவுதான் ஆட்ட முடிந்தது.

அடுத்த வீட்டு அக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மாதம் பிறந்தால் தபால்காரர் அவளுக்கு முதியோர் பென்ஷன் கொண்டுவருவார். பொங்கலுக்குச் சேலை. பென்ஷன் வாங்கும் முதியோருக்கும் சாப்பாடு உண்டு என்பதால், மதியம் பள்ளிக்கூடச் சத்துணவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"நீயும் எழுதிப் போடுட்டி. புருசன் இல்லாதவளுக்குன்னு தனியா ஒண்ணு குடுக்காவ. அரசாங்கத்துக்கிட்ட கேக்கதுக்கு என்ன வெக்கம்?" என்றாள்.

தாலுகா ஆபீசுக்குப் போக, அவர் போனஸில் எடுத்துத் தந்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டினேன். பெரிய ஆபீசுக்கு அழுக்குச் சேலையில் போவதா? குமாஸ்தா தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆச்சி, இது ஆதரவு இல்லாதவங்களுக்கு உள்ளது. நீங்க கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரில்லா வந்திருக்கிய! மகன் இருக்கானா?"

"இருக்கான். பம்பாயில."

"பணம் அனுப்புதானா?"

"இல்ல."

"அப்போ மகன் இல்லைன்னே போட்டுருவோம். இருக்கான்னு போட்டா மேல உள்ளவங்க தள்ளுபடி பண்ணிருவாவ."

"உயிரோட இருக்கவன இல்லைன்னு என் வாயால சொல்லவா? உன் அம்மைக்கிட்ட போய்க் கேளு, அவ சொல்லுவாளான்னு."

அவர் கெட்டவர் இல்லை. "கோவப்படாதிய ஆச்சி, சட்டம் அப்படி இருக்கு" என்று தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "பட்டைக் கட்டிக்கிட்டு கஞ்சிக்கு வழியில்லைன்னா எவம்ட்டி நம்புவான்?" என்றவள், பேச்சு மகனிடம் வந்ததும் என் மாவுப் பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் மாவு வாங்க வந்த தொழிற்சங்கத்து அண்ணாச்சியிடம் அக்காவே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"பி.எஃப். வாங்கினதோட முடிஞ்சுதுன்னு நெனச்சியாம்மா? அது சேமிப்பு. குடும்ப பென்ஷன் வேற. வேலையில இருக்கும்போது இறந்தா சம்சாரத்துக்கு மாசாமாசம் வரும். தாலுகா ஆபீசுல குடுக்கது உதவி. இது உன் புருசன் உழைச்சதுல வந்தது. ஆதரவுக்கு ஆள் இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டாவ. நீ யாரு சம்சாரம்னுதான் கேப்பாவ."

மறுபடியும் அதே பட்டு; அண்ணாச்சி கூட வந்தார். திருநெல்வேலி பி.எஃப். ஆபீசில் மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். நான் கட்டின புருஷன் பெயரைச் சொல்லாதவள் என்பதால் அண்ணாச்சி சொன்னார். அடுத்து அந்த அம்மாள், "பிள்ளைகள்?" என்றார்.

"ஒரு மகன். இருக்கான்."

"பேரும் வயசும் சொல்லுங்க."

அவ்வளவுதான். சத்தமாகச் சொன்னேன். பேனா நகர்வதையே பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். என் மகன் பெயர்தான். கையெழுத்துப் போடத் தெரியும் எனக்கு. பைய, நன்றாகவே போட்டேன்.

முதல் பென்ஷன் வந்த அன்று நெத்திலிக் குழம்பு வைத்து அக்காவைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு ஒருநாள் சத்துணவுக்குப் போகாதக்கா."

அவள் சத்துணவுத் தட்டைத் துடைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "குழம்ப ராத்திரிக்கு எடுத்து வையி. நான் போகலன்னா அங்கன பிள்ளைக தேடும்ட்டி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.