ஒரு சிட்டிகை மஞ்சள்

அந்த வருஷம் நான் சொற்களுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தேன். உலகத்து மதங்களின் முக்கியமான சொற்களையும் கருத்துகளையும் திரட்டித் தமிழ் மாணவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போட வேண்டுமென்று, கோயமுத்தூரில் எனக்குப் பாடம் சொன்ன கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு ஆசை. மூலம் இங்கிலீஷில் இருந்தது. தமிழாக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு, சாயங்காலங்களில் அவதாரம், நிர்வாணம், தீட்டு, ஹலால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து உட்கார்வேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு சொல்லுக்கு மூன்று வரி விளக்கம் எழுதிவிட்டால் அந்த விஷயமே என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டதாக நினைப்பு.

நாங்கள் குடியிருந்த வளவில் ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. எதிர்வீட்டில் ஒரு கத்தோலிக்கத் தம்பதி இருந்தார்கள். அவர் பஞ்சாலையில் வேலை. அந்த அம்மாவுக்கு அது தலைப்பிரசவம், எட்டாம் மாசம். கிறிஸ்தவச் சொற்களில் சந்தேகம் வந்தால் நான் அந்த மனிதரைத்தான் கிணற்றடியில் மடக்குவேன். ஞானஸ்நானம் என்ற சொல் வந்தபோதும் மடக்கினேன். சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும், வேறு மதத்துக்காரர்கூட, ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மூலத்தில் போட்டிருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நெசந்தானுங்க," என்றார் அவர். "சாமியார் வர்றதுக்குள்ள உசுரு போயிருமாட்ட இருந்தா ஆரு வேணாலும் குடுக்கலாம். நீங்களுங்கூடக் குடுக்கலாம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் கோயிலில் பூசாரி தவிர வேறு கை பட்டாலே ஊர் இரண்டாகிவிடும். இவர்கள் ஆனானப்பட்ட மோட்சத்தின் சாவியையே வழிப்போக்கன் கையில் கொடுக்கிறார்களே என்று வேடிக்கையாக இருந்தது. மூன்று வரி எழுதி முடித்து அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்தாள். என் மனைவியும் உள்ளே போனாள். நான் எங்கள் வாசலில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வாக்கில் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. மருத்துவச்சி வெளியே தலையை நீட்டி, "பொட்டப் புள்ளைங்க. மூச்சு நிக்காதாட்ட இருக்குதுங்க," என்றாள். அந்த மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதாகோயில் சாமியாரைத் தேடி ஓடினார். அன்றைக்குச் சாமியார் மதுக்கரையில் சிமெண்டு ஆலைக்காரர்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அங்கே போய்த் திரும்ப எத்தனை நேரமாகும் என்பது வளவில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் போய்க் கால் மணி இருக்கும். என் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஏனுங்க, உள்ள வாங்க. அந்தப் புள்ள உங்களத்தான் கூப்படறா."

பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளையா? நான் எழுந்திருக்கவே இல்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் கல்யாணம் ஆன பிறகு நாலு பேர் பார்க்க அவள் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருட்டும் ரத்த வாடையுமாக இருந்தது. அந்த அம்மா தலையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தாள். "அண்ணா, உங்களுக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியுமுங்களே. அவரு சொன்னாரு. பெத்தவ நான் குடுக்கறதுன்னா வேற ஆருமே இல்லாத போதுதான் குடுக்கோணும். என் கையும் ஏந்திருக்க மாட்டீங்குது. தண்ணி ஊத்துங்கண்ணா." மருத்துவச்சி அவளுக்கு உதிரம் நிற்காமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். குழந்தை என் மனைவியின் மடியில் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

என் மனைவி ஒரு செம்பை என் கையில் கொடுத்தாள். நான் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்கு அவர்கள் சொல்லும் இஸ்பிரீத்து சாந்து என்று நான் எழுதிவைத்த வார்த்தைகளைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அந்தச் சின்னத் தலையில் மூன்று தரம் ஊற்றினேன். குழந்தையின் நெற்றியில் மஞ்சள் வழிந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நல்ல காரியத்துக்குத் தண்ணீர் என்றால் அதில் மஞ்சள் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். யாரும் கேட்காமலே அவள் கை போட்டுவிட்டது.

பதினோரு மணிக்குக் குழந்தை போய்விட்டது.

ஒரு மணிக்குச் சாமியாரும் அந்த மனிதரும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். சாமியார் உள்ளே போய் அந்த அம்மாவுக்காக ஜெபித்துவிட்டு வெளியே வந்தார். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வக்கீல் மாதிரி ஆரம்பித்தார். என்ன வார்த்தை சொன்னீர்கள்? ஊற்றிக்கொண்டே சொன்னீர்களா, ஊற்றிவிட்டுச் சொன்னீர்களா? தலையில் தண்ணீர் ஓடியதா, தெளித்தீர்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிஞ்சு செத்துக் கிடக்கிறது, இந்த மனிதர் தண்ணீர் ஓடியதா என்று கேட்கிறாரே!

பக்கத்தில் நின்ற தகப்பன்தான் மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. ஞானஸ்நானம் செல்லுபடியாகலீன்னா கொழந்தைய மந்திரிச்ச மண்ணுல வெக்க மாட்டாங்க. கல்லறைத் தோட்டத்துக்கு வெளிய, சுவத்தோரமா வெக்கோணும். ஜெபம் கெடையாது. நாங்க செத்துப்போனாலும் மோட்சத்துல அத மறுக்காப் பாக்க முடியாதுங்க."

நான் ஆடிப்போனேன். இந்த விஷயமும் என் காகிதத்தில் ஒரு வரியாக இருந்தது. காற்புள்ளி எங்கே வைப்பது என்று அந்த வரியோடு நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தேன்.

"தண்ணியில மஞ்சள் கலந்திருந்ததுங்க," என்றேன். மறைக்கத் தோன்றவில்லை.

சாமியார் நிமிர்ந்தார். "எவ்வளவு? தண்ணி தண்ணியா இருக்கணும். பால் ஆகாது, பன்னீர் ஆகாது. மஞ்சள் கரைச்சது தண்ணியா, வேறயாங்கறதுதான் கேள்வி."

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஒரு சிட்டிகைங்க சாமி. ஒரே சிட்டிகை." சொன்னதோடு நிற்கவில்லை. மீதித் தண்ணீர் இருந்த செம்போடு வெளியே வந்தாள். சாமியார் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, அதில் ஊற்றி, வெயிலில் உயர்த்திப் பிடித்தார். டம்ளருக்கு அப்புறம் அவருடைய விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணிதான்," என்றார்.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் விசாரணை முடியவில்லை. "ஊத்தும்போது உங்க மனசுல என்ன இருந்தது?" என்று என்னைக் கேட்டார்.

இதுதான் என்னைக் கலக்கிவிட்டது. தகப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். எந்தப் பதில் வேண்டும் என்பது வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தெரியும், நானே தமிழில் எழுதியதுதானே. ஆனால் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. "எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க சாமி," என்றேன். "மோட்சம் கீட்சமெல்லாம் நான் நினைக்கலை. அந்தம்மா என்ன கேட்டாங்களோ அதைச் செஞ்சு குடுக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன்."

கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். சாமியார் டம்ளரைக் கல்லின்மேல் வைத்தார்.

"நீங்க நம்பணும்னு யாரும் கேட்கலை," என்றார் பிறகு. "அவங்க கேட்டதைச் செய்யணும்னு நினைச்சீங்களே, அது போதும். குழந்தை ஞானஸ்நானம் வாங்கிருச்சு."

அந்தத் தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எதற்கென்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் அடக்கம். பெற்றவளால் எழுந்திருக்க முடியாது. அவள் என் மனைவியைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க போயி எந்த எடம்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். இவளோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். குழியிலிருந்து மதில் வாசல் வரைக்கும் அடிவைத்து எண்ணிப் பார்த்தாள். திரும்பி வந்து அந்த அம்மாவின் காதோரம் உட்கார்ந்து சொன்னாள். வாசலுக்கு நேரா உள்ளாரப் பன்னெண்டு அடி, வலக்கைப் பக்கம், வேப்ப மரத்துக்கு இந்தண்டை. தலை கெழக்கே.

பிறகு வீட்டுக்கு வந்து தலை முழுகினாள். ஈரத் தலையோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"நம்ம புள்ளைய எங்கீங்க வெச்சீங்க?"

மூன்று வருஷத்துக்கு முன்பு, அவிநாசிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில், எங்களுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழாம் நாள் போய்விட்டது. பச்சைக் குழந்தைக்குக் கொள்ளியும் இல்லை, காரியமும் இல்லை. துணியில் சுற்றி ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெற்றவளிடம் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். சித்தப்பாதான் எடுத்துப் போனார். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். கூசாமல் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"தெரியாது," என்றேன். "நான் கூடப் போகலை."

அவள் என்னைத் திட்டவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள். உலகத்து மதங்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதுகிற ஆள், தன் குழந்தை எங்கே கிடக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் அவிநாசிக்குப் போனேன். சித்தப்பா கிணற்றுமேட்டில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மாடுகளை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கெழக்காலக் காட்டுலதான் கண்ணு. வேலியோரமா, நடுவுலயா... அன்னைக்கு மழை வேற. இப்ப எங்க போயித் தேடுவ? அதுக்கப்பறம் மூணு தரம் உழுது வெதச்சுப்போட்டமே."

கிழக்கால் காட்டுக்கு நடந்தேன். பருத்தி வெடித்து வரிசை வரிசையாக வெள்ளையாக நின்றது. எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றேன்.